கடைசி வண்டியின் முறை

சௌபாக்ய மோட்டார் சர்வீஸுக்கு ஆறு பஸ்கள் இருந்தன. ஆறுக்கும் சேர்த்து உருப்படியான பிரேக் ஒரே ஒரு செட்தான். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். கம்பெனியின் பெரிய மேஸ்திரி லிங்கப்பனுக்குச் சிரிப்பு வந்து இரண்டு வருஷமாகிவிட்டது.

யுத்தம் எங்கேயோ நடந்தது. அதற்காக மைசூரில் ஒரு பஸ் கம்பெனிக்கு டயர் கிடையாது, பெட்ரோல் கிடையாது, ஒரு திருகாணிகூடக் கிடையாது; எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. பெட்ரோலுக்குப் பதில் வண்டியின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி, அதிலிருந்து வரும் வாயுவில் ஓட்டினார்கள். முப்பத்திரண்டாம் வருஷம் சாமந்தி மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, ஒரே நாளில் ரோட்டில் இறக்கிய ஆறு வண்டிகளும் பன்னிரண்டு வருஷத்தில் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகியிருந்தன. மேட்டில் ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். இறக்கத்தில் பெண்கள் சாமுண்டியைக் கூப்பிட்டார்கள். சாமுண்டி எத்தனை வண்டியைத்தான் பிடித்து நிறுத்துவாள்?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மோட்டார் இன்ஸ்பெக்டர் நாளுக்கு ஒரு வண்டியாக ஆறு நாள் பார்த்துத் தகுதிச் சீட்டு கொடுப்பார். இதற்கென்று லிங்கப்பன் ஒரு வழி வைத்திருந்தான். சாமான் கிடைத்த கடைசி வருஷத்தில் பெங்களூரிலிருந்து வாங்கிவந்த, சக்கரத்தை உரசி நிறுத்தும் லைனிங் பட்டையை ஆணியால் அடித்து எட்டு பிரேக் ஷூ தயார் செய்தான். சக்கரத்துக்கு இரண்டு. முதல் நாள் அவற்றை ஒரு வண்டியில் மாட்டி மைதானத்துக்கு ஓட்டிப்போய்ச் சீட்டு வாங்குவான். திரும்பி வந்ததும் கழற்றிவிட்டுப் பழைய ஷூக்களைப் போடுவான். மறுநாள் அதே எட்டும் அடுத்த வண்டிக்கு. ஏழைத் தெருவில் ஒரே காசுமாலை எல்லாக் கல்யாணப் பெண்ணின் கழுத்திலும் ஏறி இறங்குவது போலத்தான் இதுவும். கம்பெனியில் எல்லோருக்கும் இது தெரியும். வெளியே ஒருவரும் மூச்சு விட்டதில்லை.

ஆறாவது நாள் பார்க்கப்படும் வண்டிக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. அதற்குப் பிறகு வேறு வண்டி இல்லையாகையால், நல்ல செட் அடுத்த சுற்று வரைக்கும் அதிலேயே இருக்கும். மூன்று மாதம். இந்தக் கடைசி முறை டிரைவர்களுக்குள் வரிசையாக வரும். அது வருகிற டிரைவர் நஞ்சன்கூடு கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வருவான். அந்தச் சுற்றில் முறை இரண்டாம் நம்பர் மல்லப்பனுக்கு. லிங்கப்பனின் தம்பி ஜடையன் நாலாம் நம்பர் ஓட்டினான். அவன் முறை வர இன்னும் ஒரு வருஷம் இருந்தது.

அண்ணனும் தம்பியும் கொள்ளேகாலத்துப் பக்கம் பிறந்தவர்கள். தாய் தகப்பன் போனபின் லிங்கப்பன்தான் தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தான், ஸ்டியரிங் பிடிக்கவும் அவன்தான் சொல்லிக் கொடுத்தான். அந்த வாரம் புதன்கிழமை ஜடையன் ஷெட்டுக்குள் வண்டியை விட்டு இறங்கியதும், கைகால் கழுவாமல் நேரே அண்ணனிடம் வந்தான்.

"அண்ணா, ஏரி இறக்கத்துல வண்டி நிக்கலண்ணா. மண் மேட்டுல ஒரசி ஒரசித்தான் நிறுத்துனேன். இந்த வாரத்துல ரெண்டாவது தடவ."

குண்டலுபேட்டைக்கு இந்தப் பக்கம் ரோடு சரிந்து இறங்கி, ஏரிக்கரை மேல் சட்டென்று திரும்பும். திரும்பாவிட்டால் தண்ணீர்தான். லிங்கப்பன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தான். லைனிங் தேய்ந்து ஆணி தெரிந்தது. இரண்டாம் நம்பரிலும் அதே கதைதான், மூன்றிலும் அதே கதைதான்; ஆனால் அவற்றை ஓட்டியவர்கள் அவன் தம்பி இல்லையே. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

வெள்ளிக்கிழமை நாலாம் நம்பர் ஆய்வுக்குப் போய்ச் சீட்டோடு திரும்பியது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் லிங்கப்பன் ஜாக்கி வைத்து நான்கு சக்கரங்களையும் கழற்றினான். பிரேக் வேலையை அவன் வேறு யார் கையிலும் விட்டதில்லை. புது ஷூக்களைத் தொட்டுப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு எதையும் மாற்றாமல் சக்கரங்களை மறுபடி பூட்டினான். ஜடையனிடம்கூடச் சொல்லவில்லை. "பிரேக் ராடை இழுத்து வெச்சிருக்கேன், கொஞ்சம் நல்லா நிக்கும்" என்று மட்டும் சொன்னான்.

அவன் கெட்டவன் இல்லை. மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுத்தான் செய்தான். சனிக்கிழமை இரண்டாம் நம்பர் பழைய ஷூக்களோடு மைதானத்துக்குப் போகும். இன்ஸ்பெக்டர் வழக்கம்போலத் தானே ஏறி, கொஞ்சம் ஓட்டி, பிரேக்கை மிதிப்பார். வண்டி நிற்காது. சீட்டு கிடையாது என்பார். மல்லப்பன் மூன்று மாதம் ஷெட்டில் உட்கார்ந்து நட்டு துடைப்பான், திட்டுவான், ஆனால் உயிரோடு இருப்பான். முதலாளி கத்துவார், கத்தட்டும். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று நாளைக்கு யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

சனிக்கிழமை காலை மல்லப்பன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லிங்கப்பன் இரண்டாம் நம்பரின் சக்கரங்களைக் கழற்றி, நல்ல செட் மாட்டுவதுபோல் காட்டி, பழைய ஷூக்களோடே பூட்டினான். வழக்கப்படி அவனே மைதானத்துக்கு ஓட்டிப்போனான். இன்ஸ்பெக்டர் மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முந்தின நாளிலிருந்தே அவருக்குக் காய்ச்சல். கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தது.

"யாரு, லிங்கப்பனா?" என்றார் கன்னடத்தில். "உன் வண்டி மூணு வருஷத்தில் ஒரு தடவையாவது தேறாமல் போயிருக்கிறதா? இதையும் ஏறிப் பார்க்கணுமா நான்?" மடிமேல் வைத்தே சீட்டில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

லிங்கப்பன் நின்றான். "இல்லீங்க சாமி, ஒருதரம் ஓட்டிப் பாத்துருங்க" என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால் ஏன் என்று கேட்பார். நல்ல செட் எங்கே என்று முதலாளி கேட்பார். அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அரைமணி போதும். அப்புறம் ஜடையன் மறுபடி ஆணி தெரிகிற பிரேக்கோடு ஏரிக்கரையில் இறங்க வேண்டும். சீட்டை வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொண்டான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

ஷெட்டுக்கு வந்ததும் மனசு கேட்காமல் வண்டிக்கு அடியில் படுத்து, பிரேக் ராடுகளை எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்துக் கட்டினான். மல்லப்பனுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தான். மல்லப்பன் ஏறி மிதித்துப் பார்த்தான். பிரேக் பெடல் கீழே இறங்காமல் கல்லாக நின்றது. அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"மெதுவாவே போ, மல்லப்பா" என்றான் லிங்கப்பன்.

"இனி மெதுவாப் போறதுக்கு என்னங்க இருக்குது, மேஸ்திரியண்ணா? ஒரு வருஷத்துக்கு மேல உசுரக் கையில புடிச்சுட்டுத்தான ஓட்டுனேன். இந்த மூணு மாசம் நானும் டிரைவர்தானுங்க."

ஞாயிற்றுக்கிழமை அவன் அக்ரஹாரத்துப் பின்தெருவிலிருந்த லிங்கப்பன் வீட்டைத் தேடி வந்து, ஒரு சீப்பு நஞ்சன்கூடு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனான். கோயில் பிரசாதமாம். லிங்கப்பன் அதை வாங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றான். இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று மல்லப்பன் தெருக்கோடி திரும்பும் வரைக்கும் நினைத்தான். நினைத்தான், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் தந்தி வந்தது. இரண்டாம் நம்பர் ஏரி இறக்கத்தில் நிற்கவில்லை. இழுத்துக் கட்டிய பிரேக் ஊருக்குள் நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. நீண்ட இறக்கத்தில் சூடேறியதும் ஆணி இரும்பில் வழுக்கி ஒன்றுமில்லாமல் போய்விட்டது. மல்லப்பன் தண்ணீரில் விடாமல் புளியமரத்தில் கொண்டுபோய் மோதினான். தன் பக்கம் மோதும்படி திருப்பினான் என்று பின் சீட்டில் இருந்த ஒருவர் சொன்னார். ஐந்தாறு பேருக்குக் கைகால் முறிந்தது. செத்தது அவன் ஒருவன்தான்.

விசாரணை ஒரு வாரத்துக்குள் முடிந்தது. இரண்டு நாள் முன்பு கொடுத்த தகுதிச் சீட்டு இருக்கிறது, ஆகவே பிரேக்கில் குற்றமில்லை. "பிரேக் புதுசு, பயப்படாதீங்க" என்று டிரைவர் சிரித்துக்கொண்டே இறக்கத்தில் விட்டதாகப் பிரயாணிகள் சொன்னார்கள், ஆகவே குற்றம் வேகத்தில். உடைந்த வண்டியின் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கழற்றினால் எல்லோருடைய கையும் கறையாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கலாம்.

லிங்கப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த வாழைப்பழச் சீப்பு வந்து நின்றது. பதினோராம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து, மல்லப்பனின் மனைவி மல்லம்மா ஷெட்டுக்கு வந்தாள். கையில் ஒரு கூடை இருந்தது.

"மேஸ்திரியண்ணா, உங்களுக்குத்தான் தெரியும். எங்கூட்டுக்காரரு கண்மண் தெரியாம ஓட்டுனாருன்னு தெருவே பேசுதுங்க. அப்படி ஓட்டுற ஆளுங்களா அவரு?"

லிங்கப்பன் சொல்லிவிட்டான். வெள்ளிக்கிழமை நடந்தது, சனிக்கிழமை நடந்தது, ராடை இழுத்துக் கட்டியது, ஞாயிற்றுக்கிழமை வாயை மூடிக்கொண்டு நின்றது, ஒன்று விடாமல் சொன்னான். அவள் அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தான். அது வேண்டும் என்றுகூட விரும்பினான்.

மல்லம்மா கூடையைக் கீழே வைத்தாள். "நேத்து வந்து சொல்லியிருக்கக் கூடாதுங்களா" என்றாள். "முதலாளி ஒரு காயிதத்துல எங்கிட்டக் கைநாட்டு வாங்கிட்டாருங்க. அவரு வேகமாப் போனதுதான் தப்பு, கம்பெனிமேல எனக்கு ஒரு வழக்கும் இல்லன்னு. அதுக்கு இங்க கரி ஒடைக்கிற வேலை. ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க. இன்னிக்குத்தான் மொத நாளு."

லிங்கப்பன் நேரே முதலாளியின் அறைக்குள் போனான். வேலை போகட்டும், ஜெயில் வரட்டும், அந்தக் கைநாட்டை மட்டும் திருப்பியாக வேண்டும் என்றிருந்தது. முதலாளி நஞ்சுண்டசாமி சந்தனப் பொட்டோடு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். லிங்கப்பன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல முதலாளி நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார்.

"இரு, இரு. அப்ப அந்த எட்டு ஷூவும் மரத்துல மோதின வண்டியில இல்லையா?"

"இல்லீங்க. நாலாம் நம்பர்ல இருக்குதுங்க."

"முழுசா இருக்கா?"

"முழுசா இருக்குதுங்க."

முதலாளி கண்ணை மூடி இரண்டு கையையும் கூப்பினார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. மரத்துல நசுங்கி செட் போயிடுத்து, அடுத்த சுத்துக்கு அஞ்சு வண்டிக்கும் என்ன பண்றதுன்னு பத்து நாளா எனக்குத் தூக்கமே இல்லே, மேஸ்திரி."

லிங்கப்பனுக்கு முதலில் அது புரியவில்லை. புரிந்தபோது மேஜையை நெருங்கினான். "மல்லப்பன் பேர்ல தப்பில்லீங்க, சாமி. அந்தக் காயிதத்தைக் கிழிச்சுருங்க. தப்பு என்னுதுன்னு நான் எழுதித் தர்றேனுங்க."

"எழுதித் தா. இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போவார், நீ உள்ளே போவே, அஞ்சு வண்டியும் நின்னு போகும். உன் தம்பிக்கு வேலை இல்லே, வெளியிலே கரி உடைக்கிறாளே அவளுக்கும் இல்லே. செத்தவனுக்கு நல்ல பேர் வரும். அதை வெச்சு யார் வீட்டிலே அடுப்பெரியும்னு நீயே சொல்லு." அவர் கோபமாகப் பேசவில்லை. இதமாகத்தான் பேசினார். "இனிமே இந்தக் கடைசி வண்டி முறையெல்லாம் பேடா. வேண்டாம். செட்டைக் கழட்டி எண்ணெய் தடவி எங்கிட்ட கொண்டா. ஆய்வுக்கு மட்டும் வெளியே எடுத்தாப் போதும்."

லிங்கப்பன் வெளியே வந்தான். ஊர் அறியச் சொல்ல வேண்டும் என்று துணிந்து வந்த பாவத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள ஒரு ஆள் இல்லை. அப்படியும் ஒரு தண்டனை உண்டு என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

பகல் ஒரு மணிக்கு நாலாம் நம்பருக்கு ஜாக்கி வைத்தான். ஜடையன் பக்கத்தில் வந்து நின்றான். மல்லம்மாவிடம் அண்ணன் பேசியதைக் கரி மூட்டைக்குப் பின்னாலிருந்து அவன் கேட்டிருந்தான். அவன் முகத்தில் இரத்தமே இல்லை.

"எனக்குன்னு எதுக்கண்ணா செஞ்சே? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

லிங்கப்பன் எட்டு ஷூக்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் துணிமேல் அடுக்கினான். பழையவற்றை மாட்டினான். ராடுகளை இழுத்துக் கட்டாமல், பிரேக் இல்லை என்பது மிதிக்கிற காலுக்குத் தெரியும்படி தளர்வாகவே விட்டான்.

இரண்டு மணிக்கு மல்லம்மா கூடைக் கரியை வண்டியின் அடுப்பில் கொட்டிவிட்டு, சொல்லிக் கொடுத்தபடி காற்றுச் சக்கரத்தின் கைப்பிடியைச் சுற்றினாள். புகை வந்தது. நாற்பது பேர் ஏறினார்கள், பிள்ளைகளும் கோழிகளும் தனி. ஜடையன் யாரையும் பார்க்காமல் ஏறி உட்கார்ந்து குண்டலுபேட்டைக்கு வண்டியை எடுத்தான்.

லிங்கப்பன் ஷூக்களுக்கு எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, முதலாளியின் மேஜைமேல் வைத்தான். அவர் ஒன்றை எடுத்துப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். "பார், தேய்மானமே இல்லே" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, எட்டையும் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.