வழிந்த சிவப்பு

ஒரகடத்துக் கார் தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பில் ஃபிரடிக்கு வேலையே அதுதான். ட்யூப்லைட் வரிசைக்கடியில் வரும் வண்டியில் எங்காவது பெயின்ட் வழிந்திருந்தால் தேய்த்து, தடம் தெரியாமல் டச்-அப் செய்து, ஓகே ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்.

நைட் ஷிப்ட் முடிந்து அவன் வீட்டுக்கு வந்தபோது மனைவி எவாஞ்சலின் தண்டலத்துக்கு வேலைக்குப் போயிருந்தாள். ஹாலில் அவள் வரைந்த ஓவியம் நின்றது. வாரக்கணக்காக ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கட்டம் கட்டமாகச் சாம்பலும் நீலமும் தீட்டியது. சென்னைக் கண்காட்சிக்கு எடுத்துப்போக மாலையில் ஆள் வருவதாக இருந்தது. அந்தக் கட்டங்களின் குறுக்கே, மேலிருந்து கீழ்வரை சிவப்பு வழிந்து காய்ந்திருந்தது.

பாவம், கை தவறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தான். பிளேடால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, அவளுடைய வண்ணங்களையே கலந்து கட்டங்களைச் சரிசெய்தான். சிவப்பு இருந்த இடம் அவனுக்கே தெரியவில்லை. நிம்மதியாகப் படுத்தான்.

மதியம் அவளிடமிருந்து போன் வந்தது.

"பாத்தியா ஃபிரடி?"

"இன்னாத்த?"

"அந்தச் செவப்பத்தான். நேத்து நீ போனப்புறம் கட்டத்தையே பாத்துக்கினு இருந்தேன். மூச்சு முட்டுச்சு. யோசிக்கவே இல்ல, டப்பாவ கவுத்துட்டேன். அப்பத்தான் அது படமாச்சு."

"நல்லா கீது" என்றான்.

சிவப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு ஓவியத்தின் முன் நின்றான். எவ்வளவு சாய்க்கலாம், எங்கே தொடங்கலாம் என்று கை கணக்குப் போட்டது. அந்தக் கணக்குக்கே பயந்துபோய் டப்பாவைக் கீழே வைத்தான்.

மாலையில் அவள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலிலேயே சொல்லிவிட்டான். அவள் உள்ளே போனாள். தேய்த்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் தேச்சிருக்க. ஓகே ஸ்டிக்கர் ஒட்டலியா?"

"இன்னொரு வாட்டி ஊத்தேன் எவா."

"எங்க ஊத்தணும்னு இப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சப்புறம் எப்டி ஊத்துறது?"

வரவிருந்த ஆளுக்குப் போன் செய்து, இந்த முறை வேண்டாம் என்றாள். பிறகு சமையலறைக்குப் போய் அவனுக்குச் சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள். அவனால் ஒரு வாய்கூட எடுக்க முடியவில்லை.

"திட்டேன், எவா."

"திட்டக் கூடாதுன்னு இல்ல. இப்ப வர்ல. வரும்போது திட்டுறேன், நீ சாப்புடு."

எப்போது வரும் என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கே தெரியாது என்பது அவனுக்குப் புரிந்தது. சோற்றைப் பிசைந்தபடியே, அந்தத் திட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தான்.