களத்தில் சரிபார்க்கப்பட்டது

…இருக்காது, நம் வீட்டு ஸ்டூலாக இருக்கவே இருக்காது, நீல நிறப் பிளாஸ்டிக் ஸ்டூல் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது, அதில் ஒன்று தெருவில் கிடப்பதில் என்ன அதிசயம் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தபோதே, அவளுடைய கண் அந்த ஸ்டூலின் இடது காலில் சுற்றியிருந்த கறுப்பு டேப்பைக் கண்டுவிட்டது, கண்ட பிறகு காணாதவள் போல இருக்க முடியவில்லை… போன மாதம் கால் விரிசல் விட்டபோது சமையலறைத் தரையில் உட்கார்ந்து பல்லால் கடித்துக் கடித்து அவளே சுற்றிய டேப் அது, கோணல்மாணலாக, அவசரமாக, அடுப்பில் பால் பொங்கப் போகிறதே என்ற பதற்றத்தோடு சுற்றியது, அந்தக் கோணல் இப்போது சுவரை அடைத்திருக்கும் பெரிய திரையில் ஓர் ஆள் உயரத்துக்குத் தெரிகிறது. ஸ்டூலின் மேல் ஒருவர் குடை பிடித்தபடி முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு முன்னால் மழைத்தண்ணீர் தேங்கிய தெரு, வேறொன்றுமில்லை. காலை மணி பதினொன்று இருபது. நகராட்சியின் கட்டுப்பாட்டு அறையில், நான்காம் எண் இருக்கையில், கழுத்தில் அடையாள அட்டையோடும் முகத்தில் விருந்தினருக்கென்று ஒட்டவைத்த புன்னகையோடும் அமர்ந்திருந்த அவளுக்கு, அந்தப் புன்னகையை எப்படிக் கழற்றுவது என்று தெரியவில்லை. வேறு நகரங்களிலிருந்து வந்த அதிகாரிகள் எட்டுப் பேர் அவளுக்குப் பின்னால் நிற்கிறார்கள், ஆணையர் நிற்கிறார், கருவிகளைப் பொருத்திக் கொடுத்த நிறுவனத்து இளைஞர் கையில் ஒளிக்குச்சியோடு திரைக்குப் பக்கத்தில் நிற்கிறார். அவர்தான் சற்றுமுன், ‘இப்ப நேரடியாவே ஒண்ணு காட்டுறேன் சார், ஒரே இடத்துல ரொம்ப நேரம் இருக்கிற ஆளை நம்ம கேமரா தானாவே கண்டுபிடிச்சிரும்’ என்று சொல்லி, பட்டியலில் முதலாவதாக இருந்ததைத் தட்டினார். பள்ளிக்கூடத்துப் பின்சந்து. அவள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி.

இரு, பதறாதே, ஸ்டூலை யாராவது எடுத்துப் போயிருக்கலாம் அல்லவா, வாசலில் வைத்ததை யாரோ ஒருவர்… ஆனால் வாசலில் அதை யார் வைத்தார்கள், நேற்றுச் சாயங்காலம் அது கழிப்பறைக் கதவோரம் இருந்ததே, நான்கு காலிலும் சேறு அப்பி, ‘இதை எங்க கொண்டு போனீங்க மாமா, இப்பத்தான் தரையைத் துடைச்சேன்’ என்று அவளே மாமனாரிடம் சலித்துக்கொண்டாளே, அவர் ஈரத்துணியை எடுத்து வந்து ஸ்டூலின் கால்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாரே… திரையில் ஒரு சைக்கிள்காரர் சந்துக்குள் திரும்பினார். உட்கார்ந்திருந்தவர் சட்டென்று எழுந்து கையை வாய்க்குக் கொண்டுபோனார், கேமராவுக்குக் காது இல்லை, சத்தம் கேட்கவில்லை, சைக்கிள்காரர் மட்டும் திடுக்கிட்டு பிரேக் பிடித்தார், குடைக்காரர் இடது கையை நீட்டி ஓரமாக, இன்னும் ஓரமாக, ஆ, போகலாம் என்று இரண்டு விரலை விசிறி அனுப்பிவைத்தார். முப்பத்தொரு வருடம் பேருந்தில் கண்டக்டராக இருந்த மனிதர் ஒருவரைத் தவிர அப்படி விரல் விசிறுவதற்கு இந்த ஊரில் வேறு யாருக்குத் தெரியும்? கை கழுவும் தொட்டியின் விளிம்பில் நான்கைந்து நாளாக ஒரு விசில் காய்ந்துகொண்டிருந்தது நினைவுக்கு வந்தது, இது எதுக்கு மாமா என்று கேட்டதற்கு, ‘சும்மாதாம்மா, இன்னும் மூச்சு இருக்கான்னு ஊதிப் பாத்தேன்’ என்றார், அவளும் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

பின்னால் யாரோ, ‘மழையில குந்திக்கிட்டு டிராபிக் போலீஸ் வேலை பாக்குறார் பாருங்க’ என்றார்கள், சிரிப்பு கிளம்பியது. பக்கத்து இருக்கைக்காரி, வாய் ஓயாததால் ரேடியோ என்று எல்லோரும் அழைக்கும் தோழி, குனிந்து, ‘பச்சை அக்கா, உங்க ஏரியாவுல இப்படி ஒரு ஹீரோவா, சொல்லவே இல்லையே’ என்று காதோரம் கிசுகிசுத்தாள். பச்சை அக்கா… அந்தப் பெயரை அவளுக்கு வைத்தவளும் ரேடியோதான். அவளுடைய வட்டாரத்தின் வரைபடம் எப்போதும் பச்சையாகவே இருக்கும், ஒரு சிவப்புப் புள்ளி இருக்காது, ஆண்டு விழாவில் அதற்காக ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள். அந்தப் பச்சை எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. தெருவிளக்கு, குப்பைத் தொட்டி, குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை மூடி என்று எல்லாவற்றிலும் ஒரு கருவி, ஒவ்வொன்றும் நாள் முழுக்க எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கும், லாரி போனால் மூடி ஆடியது என்று சொல்லும், பூனை ஏறினால் தொட்டி நிறைந்தது என்று சொல்லும். முதல் மாதம் அவள் ஒவ்வொன்றுக்கும் ஆள் அனுப்பினாள், போனவர்கள் திரும்பி வந்து, ‘ஒண்ணுமே இல்லம்மா, வேலைவெட்டி இல்லாம அலைய விடாதீங்க’ என்று திட்டினார்கள். இருபத்துநாலு மணி நேரத்துக்குள் முடிக்காத எச்சரிக்கை சிவப்பாகும், சிவப்பானால் ஏன் என்று எழுதி மேலே அனுப்ப வேண்டும், அனுப்பினால் அழைத்து நிற்க வைத்துக் கேட்பார்கள், நிற்பதற்கு அவளுக்குப் பயம். ஆகவே தினமும் காலை ஒன்பது பத்துக்கு, இருக்கையைத் துடைத்து, கைப்பையை இழுப்பறையில் வைத்து, முந்தின நாள் எச்சரிக்கைகள் அனைத்தையும் ஒரே சொடுக்கில் தேர்ந்தெடுத்து, ‘களத்தில் சரிபார்க்கப்பட்டது’ என்ற கட்டத்தைத் தட்டிவிடுவாள், முந்நூற்றுச் சொச்சமும் ஒரு நொடியில் பச்சையாகிவிடும். மனதைத் தொட்டுச் சொல்வதானால், அந்த நொடி அவளுக்குப் பிடித்தும் இருந்தது… கோலம் போட்டு முடித்துத் தள்ளி நின்று பார்ப்பது போல.

இப்போது, பெரிய திரையை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவள் தன் மேசைத் திரையில் காதும் காதும் வைத்தாற்போல் பின்சந்தின் பழைய பட்டியலைத் திறந்தாள். திறந்திருக்க வேண்டாம். மூடி திறந்துள்ளது, மூடி திறந்துள்ளது, மூடி திறந்துள்ளது… ஐந்து நாள், ஐந்து எச்சரிக்கை. ஒவ்வொன்றின் கீழும் அதே இடத்துக்குக் குடிமகன் ஒருவர் கைபேசி வழியாக அனுப்பிய புகார், அதுவும் ஐந்து. கூடவே, ஒரே இடத்தில் நீண்ட நேரம் இருக்கும் நபர் என்ற எச்சரிக்கை, அதுவும் ஐந்துதான். பதினைந்துக்கும் எதிரே ஒரே சொல், களத்தில் சரிபார்க்கப்பட்டது, முடித்தவர்: இருக்கை 4. யார் அந்த இருக்கை நாலு என்று ஒரு கணம் கோபம்கூட வந்தது அவளுக்கு, அடிப்பாவி, ஒரு தடவையாவது திறந்து பார்த்தாயா என்று… பிறகு கை தன் கழுத்து அட்டையைத் தொட்டது. ஆக அந்தத் தண்ணீருக்கு அடியில் தெரு இல்லை. குழி. அவரைத் தவிர யாருக்கும் தெரியாத குழி, அவருக்கும் இப்போது அவளுக்கும் மட்டும் தெரிந்த குழி, பன்னிரண்டரைக்குப் பள்ளிக்கூடத்துச் சின்ன வகுப்புகள் அந்தச் சந்து வழியாகத்தான் ஓடிவரும், மழைத்தண்ணீரைக் கண்டால் குதிக்காத குழந்தை உண்டா?

‘இந்த மாதிரி ஆளுங்களை என்ன பண்ணுவீங்க?’ என்று விருந்தினர் ஒருவர் கேட்டார். ‘ரோந்து வண்டிக்கு இங்கிருந்தே சொல்லிரலாம் சார், ஏழு நிமிஷத்துல வந்து அப்புறப்படுத்திருவாங்க, பாக்குறீங்களா?’ என்று நிறுவனத்து இளைஞர் உற்சாகமாகக் கேட்டார். ஆணையர், ‘பண்ணுங்க, பாக்கட்டும்’ என்றார். அப்புறப்படுத்துவார்கள். அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டால் அந்த ஸ்டூல் போகும், குடை போகும், விசில் போகும், தண்ணீர் மட்டும் இருக்கும், சிற்றலைகூட இல்லாமல், யோக்கியமான தெருவைப் போல… சொல், இப்போதே சொல், சார் அங்கே மூடி திறந்திருக்கிறது என்று நாலு வார்த்தை, யார் முடித்தது என்று கேட்பார்கள், கேட்கட்டுமே, பட்டியலைத் திரையில் போடுவார்கள், வெளியூர் அதிகாரிகள் எட்டுப் பேருக்கு முன்னால், கேடயம் வாங்கிய கை… அவள் எழுந்துவிட்டாள். எழுந்தது அவளுக்கே தெரியவில்லை, நாற்காலி பின்னால் உருண்டு யாருடைய காலிலோ இடித்தபோதுதான் தெரிந்தது.

‘சார்… அவர் எங்க மாமா, சார்.’

‘யாரும்மா?’

‘எங்க மாமனார்… என் வீட்டுக்காரரோட அப்பா.’

ஆணையர் கடுமையாகக் கேட்கவில்லை, கனிவாகத்தான் கேட்டார், ‘இந்த மழையில அங்க என்னம்மா பண்றார்?’ அந்தக் கனிவுதான் அவளைக் கெடுத்தது, பயந்தவளுக்குக் கனிவு ஒரு கதவு, திறந்திருந்தால் நுழைந்து ஒளிந்துகொள்ளத்தான் தோன்றும். ‘வயசாயிடுச்சு சார்’ என்று ஒரு குரல் சொன்னது, அவள் குரல்தான், ‘வீட்ல அடைஞ்சு கிடக்க முடியலேன்னு… காத்தாட உக்காருவார்.’ ‘மழையிலயா காத்து வாங்குறார்?’ என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள், நல்லவிதமாக, இரக்கத்தோடு, வயதானவர்களை வீட்டில் வைத்திருப்பவர்கள் சிரிப்பது போல. ‘விடுப்பா, வண்டி வேண்டாம், நம்ம ஸ்டாஃப் வீட்டுப் பெரியவர்’ என்றார் ஆணையர். ‘சொந்தக்காரங்களே சரிபாத்தாச்சு’ என்று நிறுவனத்து இளைஞர் நகைச்சுவையாகச் சொல்லி எச்சரிக்கையை முடித்துவைத்தார், பின்சந்து சுருங்கித் திரையின் மூலையில் ஒரு தபால்தலை ஆயிற்று, பேச்சு குப்பைத் தொட்டிகளுக்குப் போனது.

அவள் உட்கார்ந்தாள். ரேடியோ தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காத்தாட உக்காருவார்… என்ன வார்த்தை அது, இத்தனை நாள் பார்க்காமல் முடித்ததாவது போகட்டும், இதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே முடித்தேனே. தபால்தலைக்குள் சின்னதாக மாமா குடையைத் தோளுக்கும் கன்னத்துக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, கைபேசியை மூக்குக்கு அருகே பிடித்து, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகக் குத்திக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் அவளுடைய மேசைத் திரையில் ஒரு மணி ஒலித்தது. புதிய புகார், பின்சந்து. ஒரு புகாரைத் தனியாகத் திறந்து படித்து எத்தனை மாதமாயிற்று என்று நினைத்தபடியே திறந்தாள்.

‘பெருமதிப்பிற்குரிய அலுவலருக்கு வணக்கம். ஐந்தாவது முறையும் சரிசெய்யப்பட்டதாகச் செய்தி கிடைத்தது, மிக்க நன்றி. மூடி உடைந்தபடியே உள்ளது. இன்று மழைநீர் நிரம்பியதால் குழி கண்ணுக்குத் தெரியவில்லை. மாலையில் பலகை போட்டு மூடிவிட்டு வருகிறேன், காலையில் பலகை இருப்பதில்லை. பன்னிரண்டரைக்குச் சின்ன வகுப்பு விடும். அதுவரை நான் இங்கேயே இருக்கிறேன். தங்களுக்கு வேலை அதிகம் என்பதை அறிவேன். முடிந்தபோது பார்க்க வேண்டுகிறேன்.’

மணி பதினொன்று நாற்பது. கீழே இரண்டு கட்டங்கள், ஒன்று அவளுக்குப் பழக்கமானது, விரல் தானாகவே அதன் பக்கம் போனது. இன்னொன்றை அவள் தொட்டே வெகுகாலம், ‘உடனே ஆள் அனுப்புக’, அதைத் தட்டினால் அந்த இடத்தில் முடித்ததாகச் சொன்ன பழையவை எல்லாம் மீண்டும் திறந்துகொள்ளும், நாள் கடந்துவிட்டதால் சிவப்பாகத் திறந்துகொள்ளும்… தட்டினாள். தட்டிவிட்டுக் கையை மடியில் ஒளித்துக்கொண்டாள், சுடுபாத்திரத்தைத் தொட்டவள் போல. பெரிய திரையில், அப்பழுக்கில்லாத அந்தப் பச்சைக்கு நடுவில், ஒரு சிவப்புப் புள்ளி முளைத்தது, பக்கத்தில் பதினைந்து என்று எண் காட்டியது. குப்பைத் தொட்டிப் பேச்சு பாதியில் நின்றது. ‘நாலாம் நம்பர்… என்னம்மா அது?’ என்றார் ஆணையர், இந்த முறை கனிவு இல்லை.

எழுந்தாள், இந்த முறை தெரிந்தே எழுந்தாள், கழுத்து அட்டை முன்னால் ஆடியது, அதில் பெரிதாக 4. சொல்ல வாயைத் திறந்த அந்த நேரத்தில்தானா இது நினைவுக்கு வர வேண்டும்… மூடி உடைந்த அந்த முதல் நாள் சாயங்காலம் மாமா கேட்டது, ‘உங்க ஆபீஸ்ல ஒரு புகார் குடுத்தா எத்தனை நாள்ல வந்து பாப்பாங்கம்மா?’, அவள் பெருமையாகச் சொன்னது, ‘நாள் கணக்கெல்லாம் இல்ல மாமா, அன்னன்னைக்கே முடிச்சிருவோம்.’ மறுநாளும் கேட்டார், அதற்கு மறுநாளும் கேட்டார், ‘நேத்தே சொன்னேனே மாமா’ என்றாள், ‘மறந்துட்டேம்மா’ என்றார், பத்துப் பேருந்து நிறுத்தத்துக்கு முன்னால் ஏறியவரின் முகத்தைக்கூட மறக்காத மனிதர். அவருக்குப் போன செய்திகளிலும் முடித்தவர் இருக்கை 4 என்றுதானே இருந்திருக்கும்? வீட்டுக்குப் போனதும் இந்த அட்டையை அவள் மாட்டுவது அவருடைய கட்டிலுக்கு மேலே இருக்கும் ஆணியில்தானே, எண் தெரியும்படி? நாலைந்து நாளாகக் காலையில் அதை எடுக்கும்போதெல்லாம் எண் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது, காற்றில் திரும்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டாள்… அந்த மூலைக்கு மின்விசிறிக் காற்று எட்டாதே.