மூடி இல்லாத கேமரா

கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. "வாயைக் கொஞ்சம் அடக்குங்க, வர்ற கஸ்டமரெல்லாம் ஓடிப் போயிருவாங்க" என்று என் மனைவி சகாயராணி சொல்லாத நாளில்லை. நான் கேட்டதில்லை. தென்னூரில் அப்பா லூர்துசாமி பெயரில் நடக்கிற கேமரா ரிப்பேர் கடையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். ட்ரோனில் கட்டிப் பறக்கவிடுகிற குட்டி கேமராவை இந்தப் பக்கத்தில் பிரித்துப் பார்க்கத் துணிந்தவன் நான் ஒருத்தன்தான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் கேமராவைப் போட்டு உடைத்துவிட்டு வந்து வாய் கூசாமல் பொய் சொல்வார்கள். "தண்ணியே படலண்ணே" என்பான். திருகைக் கழற்றினால் உள்ளேயிருந்து காவிரி கொட்டும். அதனால் ஒரு பழக்கம் ஏற்படுத்தினேன். விழுந்த கேமராவை எடுத்தவுடன் நிறுத்தக் கூடாது. எங்கே விழுந்தது, எப்படி விழுந்தது, தண்ணீர் பட்டதா என்று, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே என் பெயரைச் சொல்லி அதனிடம் ஒப்பிக்க வேண்டும். நான் பிறகு போட்டுப் பார்த்துக்கொள்வேன். சிரித்துக்கொண்டே எல்லாரும் பழகிவிட்டார்கள்.

இன்னொன்றைச் சுவரிலேயே பெயின்டால் எழுதி வைத்தேன்: 'மூடி இல்லாத கேமரா வாங்கப்படாது.' பேட்டரிக்கு மேல் போடுகிற சின்ன மூடி அது. கேமரா விழுந்தால் முதலில் தெறித்து ஓடுவது அதுதான். தேடி எடுக்கச் சோம்பல்பட்டு வெறும் கேமராவை நீட்டுவார்கள். "மூடி இல்லாம வந்தா வாசப்படி ஏறாத. அதுக்கு ஸ்பேரே கெடையாது" என்று விரட்டுவேன். பயந்து போய் மறுநாள் தேடிக்கொண்டு வருவார்கள்.

போன தை மாதம் ஒரு மத்தியானம், முப்பது வயதிருக்கும் ஒரு பெண் பிளாஸ்டிக் பையோடு வந்தாள். பெயர் ஜோதி, உறையூர் என்றாள். பைக்குள் மணல் அப்பிய ஒரு குட்டி கேமரா. வாங்கித் திருப்பினேன். மூடி இல்லை.

"மூடி எங்கம்மா? சுவத்துல இவ்ளோ பெருசா எழுதிப் போட்டிருக்கேன், கண்ணு தெரியலையா?" என்று கத்தினேன்.

அவள் நிமிர்ந்து அந்த எழுத்தை ஒரு தடவை நிதானமாகப் படித்தாள். "தெரியல சார். போலீஸ் ஸ்டேஷன்ல இப்படித்தான் குடுத்தாங்க. இதுல உங்க கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு, அதான் வந்தேன்."

ஸ்டிக்கரில் என் கையெழுத்தில் 'மாதவன்' என்றிருந்தது. "மாதவன் கேமராவா? துரை நேர்ல வரமாட்டாராமா?"

"அவரு இல்ல சார். ஆவணியில கொள்ளிடத்துல போயிட்டாரு."

சேசுவே! என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது. ஸ்டூலைத் துடைத்து உட்காரச் சொன்னேன்.

"அன்னைக்குக் காலைல சண்டை சார். 'அந்த ட்ரோனையே கட்டிக்கிட்டு அழுங்க, வீட்டுப் பக்கம் வராதீங்க'ன்னு சொல்லிட்டேன். ஒண்ணும் பேசாம வண்டிய எடுத்துட்டுப் போனாரு. அஞ்சு தடவை போன் பண்ணேன், எடுக்கல. மறுநாள் உடம்புதான் கெடைச்சுது. நல்லா நீச்சல் தெரிஞ்சவரு சார்."

அவனுடைய அம்மா அமிர்தம், 'நீதாண்டி எம்புள்ளையத் தண்ணியில தள்ளுன' என்று சொல்லிவிட்டு, ஐந்து மாதமாக அவள் கையால் ஒரு வாய் காபி வாங்கிக் குடிக்கவில்லையாம்.

"இல்லன்னு அவங்ககிட்ட அடிச்சுச் சொல்ல எனக்கு வாய் வரல சார். எனக்கே தெரியலையே. கண்ண மூடுனா ஈரச் சட்டையோட வாசல்ல வந்து நிக்கறாரு. உள்ள வாங்கன்னா வரமாட்டேங்கறாரு. நீதான வராதன்னு சொன்னங்கறாரு. அவரு வேணும்னு போனாரா, தவறிப் போனாரா? அது மட்டும் தெரிஞ்சா போதும் சார்."

யாரோ கம்ப்யூட்டர் கடைக்காரன் அந்தக் கேமராவின் மெமரி கார்டை மாட்டிப் பார்த்துவிட்டு, காலியாக இருக்கிறது, அழித்துத் தருகிறேன் என்றானாம். அவள் விடவில்லை. நல்லவேளை. பதிவு பாதியில் அறுந்தால் கார்டு காலி மாதிரிதான் காட்டும். அதே கார்டை அதே கேமராவில் போட்டு உயிர் கொடுத்தால், அறுந்ததை அதுவே ஒட்டிக்கொள்ளும். அந்தக் கேமராவுக்கு உயிர் வர வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று நாள் வேறு வேலை தொடவில்லை. பேட்டரி உப்பிப்போய்க் குழிக்குள் இறுகியிருந்தது. நெம்பி எடுத்தால் உள்ளே பச்சைப் பாசியாகத் துரு. ஸ்பிரிட்டில் பிரஷைத் தோய்த்துத் தேய்த்தேன், காயவைத்தேன், மறுபடி தேய்த்தேன். கொள்ளிடத்து மணல் பொடிப்பொடியாக மேஜையில் விழுந்துகொண்டே இருந்தது. அதைக் கூட்டித் தள்ள எனக்கு ஏனோ கை வரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் சிவப்பு விளக்கு ஒரு தடவை மினுங்கி, திரையில் 'சரிசெய்கிறது' என்று வந்தது. உடனே அவளுக்குப் போன் போட்டேன்.

நான் முதலில் தனியாகப் பார்த்திருக்கலாம். புருஷனைப் பெண்டாட்டிதான் முதலில் பார்க்க வேண்டும் என்று நினைத்து, அவள் வந்த பிறகுதான் படத்தை ஓடவிட்டேன். பெரிய மனுஷத்தனம்!

அகலமான ஆறு, பாலம், தூரத்தில் ஸ்ரீரங்கத்துக் கோபுரம். திடீரென்று ஒரு பருந்தின் இறக்கை. எல்லாம் சுழன்று, தண்ணீர், 'டப்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்துச் சளக் சளக் என்று யாரோ நடந்து வந்தார்கள். கேமரா மேலே தூக்கப்பட்டது. நனைந்த மீசையோடு மாதவன் முகம். ஜோதி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அருள்ராஜண்ணே, மாதவன் பேசறேன். கொள்ளிடம் வடகரை. பருந்து அடிச்சிருச்சுண்ணே, என் தப்பு இல்ல. தண்ணி பட்டுருச்சு, பொய் சொல்லல. சீக்கிரம் சரி பண்ணிக் குடுங்க. வீட்டுல காலைலயே செம திட்டு. அவ சொல்றதும் நியாயம்தான், பாப்பா பொறந்தநாளுக்குக்கூட நான் இல்லையே. எட்டு மணிக்குள்ள போயி காலுல விழுந்தாவது சமாதானம் பண்ணணும்."

ஜோதி வாய்விட்டு அழுதாள். "வீட்டுக்கு வரேன்னுதான் சொல்றாருண்ணே! கேட்டீங்களா, வரேன்னுதான் சொல்றாரு!" அதுவரை சார் என்றவள் அண்ணே என்றாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. இந்தக் கையால் ஒரு நல்ல காரியம் நடந்துவிட்டது என்று ஒரு நிமிஷம் பெருமைகூடப் பட்டேன்.

படம் முடியவில்லை. மாதவன் கேமராவைத் திருப்பிப் பார்த்தான்.

"ஐயய்யோ, மூடியக் காணோமே! இது இல்லாம போனா மனுஷன் கடிச்சுத் துப்பிருவாரே. இருங்கண்ணே... அந்தா, அடியில தெரியுது. இடுப்பளவு தண்ணிதான். எடுத்துட்டு வந்துடறேன், திட்டாதீங்க."

சிரித்துக்கொண்டே கேமராவை மணலில் வைத்தான். அதற்குப் பிறகு வெறும் வானம். தண்ணீரில் இறங்குகிற சத்தம், நாலைந்து எட்டு, ஒரு பெரிய சளப். மணல் அள்ளிய பழைய குழிகள் அங்கே உண்டு. மேலே இருந்து பார்த்தால் ஆழம் தெரியாது, நீச்சல் தெரிந்தவனையும் சுழல் உள்ளே இழுத்துவிடும். "அண்ணே" என்று ஒரு குரல் வந்தது. அருகில் யாரும் இல்லாத இடத்தில் அவன் யாரைக் கூப்பிட்டான்? பிறகு ஆறு மட்டும்தான் கேட்டது.

நிறுத்தக் கை நீட்டினேன். "வேணாம், ஓடட்டும்" என்றாள். வானத்தில் அந்தப் பருந்து சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் எங்கோ ஒரு போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"நான்தான்" என்றாள் ஜோதி. "தோசை ஊத்தவா, எப்ப வரீங்கன்னு கேக்கப் பண்ணேன்."

ஐந்து தடவை அடித்தது. கொஞ்ச நேரத்தில் படம் அறுந்தது.

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"அருள்ராஜண்ணேங்கறது நீங்களா?"

வேறு யாரோ என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாய் எடுத்தேன். "நான்தாம்மா" என்றேன்.

அவள் சுவரைப் பார்த்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் மாதிரி வெகுநேரம் பார்த்தாள். என்னைத் திட்டுவாள், செருப்பைக் கழற்றுவாள் என்று காத்திருந்தேன். அப்படிச் செய்திருந்தால் இன்றைக்கு ராத்திரியாவது தூங்குவேன்.

"அந்த மூடி எவ்ளோ பெருசுண்ணே இருக்கும்?"

விரலால் காட்டியிருந்தால் போதும். புத்தி கெட்டவன், பழக்கதோஷத்தில் மேஜை டிராயரை இழுத்தேன். செத்துப்போன கேமராக்களிலிருந்து கழற்றிப் போட்டு வைத்திருந்ததில் ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எட்டி டிராயருக்குள் பார்த்தாள்.

"இத்தனை இருக்காண்ணே?"

இருந்தது. இருபதுக்கு மேல் இருந்தது.