கூபிக் வீட்டுக் கரை

டிராக்டரின் பின்வண்டியில் சவப்பெட்டி ஒரு பக்கம் சரிந்தது. "பிடிங்கப்பா, அப்பாவைக் கீழே போட்டுடாதீங்க!" என்று கத்திக்கொண்டே டுவேன் கியரை மாற்றினான். அமரர் ஊர்தி வெள்ளத்தில் பாதி வழியிலேயே படுத்துவிட்டது. ஆகவே நெப்ராஸ்கா விவசாயி வென்சல் கூபிக்கின் கடைசி ஊர்வலம், சேற்று வயல் வழியாக, டிராக்டரில்தான் என்றாகிவிட்டது.

பின்னால் ரப்பர் பூட்ஸுடன் ஓட்டமும் நடையுமாக வந்தாள் டுவேனின் அக்கா மார்லா. மாநிலத்தின் ஆளுநர். தூங்கி எத்தனை நாளாயிற்றோ, கண்கள் சிவந்திருந்தன. கையில் வயர்லெஸ் ஓயாமல் கறகறத்தது.

மேட்டுத் தேவாலயத்தில் வண்டி நின்றதும் தம்பியின் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"டுவேன், நம்ம வயலோரத்து ஆத்துக்கரையை வெட்டணும். இப்பவே!"

"என்ன உளர்றே?"

"பனிப்பாளமெல்லாம் பாலத்துல வந்து அடைச்சிருச்சு. தண்ணிக்கு வேற வழி விடலேன்னா ஊரே போயிடும்டா. ஆஸ்பத்திரியில இன்னும் ஆளுங்க இருக்காங்க."

அவனுக்குத் தலைக்கு ஜிவ்வென்று ஏறியது. மாடுகளை மட்டும்தான் நேற்று மேட்டுக்கு ஓட்டியிருந்தான். வீடு, களஞ்சியம், சோள வயல் எல்லாமே அந்தக் கரையை நம்பித்தான் இருந்தன. அவனுக்கு வேறு பிழைப்பும் கிடையாது.

"நல்லா இருக்கே! பட்ஜெட்ல துண்டு விழுதுன்னு ஆத்துக்கரை வேலையை நிறுத்தினது யாரு? நீதானே! அதுக்கு நான் அழணுமா?"

"நான்தான் நிறுத்தினேன். பள்ளிக்கூடமா, கரையான்னு வந்துச்சு. கரையை விட்டேன். தப்பாப் போச்சு. அதுக்காக ஊரை முழுக விடுறதா?"

"அப்பா கடைசி நாள் பூரா உன்னைத்தான் கேட்டாரு. நீ வரல."

மார்லாவின் கையில் வயர்லெஸ் அலறியது. "மேடம், பாலம் ஆடுது! கரை வெட்ட வந்த ராணுவ வண்டி சேத்துல மாட்டிக்கிச்சு, வராது!"

மேட்டுக்குக் கீழே, கரையை உயர்த்த மண் போட்டுக்கொண்டிருந்த டுவேனின் பொக்லைன் நின்றது. மார்லா அதை நோக்கி ஓடினாள்.

"ஏய், எங்கே போறே?"

"உத்தரவு என்னோடது. நானே வெட்டறேன். எனக்கும் அப்பாதான் ஓட்டச் சொல்லிக் குடுத்தாரு."

"கிழிச்சே! அது பழைய வண்டி. இது வேற. கவுத்துடுவே, தள்ளு!"

அவன் ஏறி உட்கார்ந்தான். அவளும் இடித்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஏறினாள். வாளி மண்ணைக் கடித்தது. தண்ணீர் முதலில் நூலாகக் கசிந்தது, பிறகு கோவென்று பாய்ந்தது. ஃப்ரிட்ஜ் அளவு பனிப்பாளங்கள் வயலுக்குள் உருண்டன.

"பின்னாடி எடு, பின்னாடி எடு!"

"தெரியும், வாயை மூடு!"

பொக்லைன் நகர்ந்ததுதான் தாமதம், அது நின்ற இடம் பொலபொலவென்று ஆற்றோடு போனது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். டுவேனுக்குச் சிரிப்பு பீறிட்டது. அவளும் பைத்தியம் மாதிரி சிரித்தாள்.

"இறங்குது! மேடம், தண்ணி இறங்குது!" என்று வயர்லெஸ் கத்தியது.

சாவுச் சாப்பாட்டுக்குக் கொலாச் என்ற இனிப்பு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த பெண்கள் மாவுக் கையோடு ஓடிவந்து தேவாலய மணியை அடித்தார்கள். மேடு முழுவதும் ஆரவாரம். கீழே கூபிக் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குள் தண்ணீர் புகுந்தது. டுவேனின் சிரிப்பு நின்றுவிட்டது.

"நஷ்ட ஈடு..." என்று ஆரம்பித்தாள் மார்லா.

"கஜானாவுல இருக்கா?"

"இல்ல."

"அப்ப பேசாதே."

மேட்டில் சவப்பெட்டியைத் தூக்க ஆட்கள் கூடினார்கள். மார்லா அதிகாரிகளுக்கு நடுவே சேறும் சகதியுமாக ஒதுங்கி நின்றாள். கிட்டே வரவே இல்லை. டுவேன் முன்பக்கக் கைப்பிடியைப் பிடித்தான். எதிர்ப்பக்கம் குனிந்தவரிடம், "நீங்க இருங்க. அக்கா வரட்டும்" என்றான்.

அவள் வந்தாள். கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

"முட்டியை மடக்கித் தூக்கு" என்றான் டுவேன். "கனமா இருக்கும்."