உமரிக்கு நல்ல தண்ணீர்

கரை உடைந்து கடல் தண்ணீர் உள்ளே வந்த வருடம், அக்காவின் நிலத்தில் போட்டதெல்லாம் கருகியது. தானாக முளைத்தது உமரி மட்டும்தான். அதற்கு இலை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. கணுக்கணுவாகச் சதைப்பற்றுள்ள பச்சைத் தண்டுதான் செடியே. அதையே பாத்தி கட்டி வளர்த்துக் கீரையாக விற்கப்போவதாக அக்கா சொன்னபோது அத்தான் சிரித்தார். இறால் பண்ணைக்காரர் அந்த நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு நடையாய் நடந்துகொண்டிருந்தார்.

"வாரா வாரம் வாங்கறேன்னு யாராவது ஒருத்தர் சொல்லட்டும். அந்த ஆளை இந்தப் பக்கமே வராதேன்னு நானே சொல்லிடறேன்" என்றார் அத்தான்.

அந்த ஒருத்தராக, பெரிய உணவகத்தின் சமையல் மாஸ்டர் வந்தார். முதல் பாத்தியில் பளபளவென்று நின்ற செடியின் நுனியைக் கிள்ளி மென்றார்.

"என்னம்மா, சப்புனு இருக்கு? உப்பும் இல்ல, கடிச்சா ஒரு நறுக்கும் இல்ல."

அக்காவும் மென்று பார்த்தாள். முகம் மாறியது. குனிந்து பாத்தி ஈரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"இது நல்ல தண்ணி. யாரு ஊத்தினது?"

அத்தான் தலையைச் சொறிந்தார். "நான்தான்... ஒரு மாசமா, குடிக்கிற தண்ணித் தொட்டியிலேருந்து. மாஸ்டர் வரும்போது செடி பளிச்சுனு இருக்கட்டுமேன்னு..."

"எனக்கு நல்லது பண்றேன்னு என்னையே கவுத்துட்டீங்களே!"

உமரியின் வேலை முறையே வேறு. உவர் மண்ணிலிருந்து தண்ணீரை இழுக்க வேண்டுமென்றால், செடிக்குள் மண்ணில் இருப்பதைவிட உப்பு அதிகம் இருக்க வேண்டும். அதனால் அது உப்பைத் தண்டுக்குள் சேர்த்துவைக்கிறது. கூடவே தண்ணீரையும் இழுத்துவைத்துத் தடிக்கிறது. அந்தத் தடிப்புதான் கடிக்கும்போது நறுக்கென்கிறது. நல்ல தண்ணீரே கிடைத்துவிட்டால் அதற்கு இந்தப் பாடெல்லாம் எதற்கு? உயரமாக வளரும், உள்ளே ஒன்றும் இருக்காது.

"மாஸ்டர், செருப்பைக் கழட்டுங்க" என்றாள் அக்கா. அத்தானின் ரப்பர் குழாய் எட்டாத ஓரம் ஒன்று இருந்தது. ஓதம் ஏறும்போதெல்லாம் கடல் தண்ணீர் வந்து நனைத்துவிட்டுப் போகும் இடம்.

"இந்த வயசுல என்னைச் சேத்துல இறக்கினது நீங்கதாம்மா" என்று முனகிக்கொண்டே மாஸ்டர் நடந்தார். ஓரத்துச் செடிகள் குட்டையாக, அடியில் லேசாகச் சிவந்து நின்றன. அவர் ஒரு நுனியைக் கடித்தார். பின்னால் நின்ற எனக்கே சத்தம் கேட்டது.

ஒரு கூடை பறித்துக்கொண்டு நேராக அவருடைய சமையலறைக்குப் போனோம். தண்ணீர் கொதித்தது. உமரியைப் போட்டதும், முப்பது வருடப் பழக்கத்தில் மாஸ்டரின் கை உப்பு ஜாடிக்குள் போனது. அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். அங்கே வேலை செய்த அத்தனை பேரும் கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"கையை எடுங்க மாஸ்டர். இது தன் உப்பைத் தானே கொண்டு வந்திருக்கு."

மாஸ்டர் கையை எடுத்தார். வெந்த தண்டைப் பல்லில் வைத்து இழுத்தார். சதை வாயில் தங்க, உள்நார் மட்டும் முழுசாகக் கையோடு வந்தது. இன்னொன்றை எடுத்தார். பிறகு இன்னொன்று.

"வாரத்துக்கு ரெண்டு கூடை. ஓரத்துல இருக்கறது மட்டும்."

"முதல் பாத்தியை அறுத்துட்டு, கடல் தண்ணி உள்ள வர்ற மாதிரி வாய்க்காலைத் திறந்துவிடறேன். புதுசா துளிர்க்கறது ஓரத்துச் செடி மாதிரியே வரும். நீங்களே வந்து கடிச்சுப் பாருங்க" என்றாள் அக்கா.

மறுநாள் இறால் பண்ணைக்காரர் வந்தார். அத்தான் வாசலிலேயே அவரை மறித்தார்.

"நிலம் காலி இல்லங்க. அது சரி, உமரிக்கு நல்ல தண்ணியே ஊத்தக்கூடாது, அது தெரியுமா உங்களுக்கு?" என்று தொடங்கி, என்னவோ தானே கண்டுபிடித்த மாதிரி அரைமணி நேரம் விளக்கினார். உள்ளே அக்கா ரப்பர் குழாயைச் சுருட்டிப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.