இந்தக் கூரைக்கு மூடி கிடையாது

காலையில் அம்பரீன் ஷெட்டுக்குள் நுழைந்தபோது கூரையிலிருந்து கம்பிகள் தொங்கிக்கொண்டிருந்தன. முதல் வரிசை முழுக்க, முழத்துக்கு ஒன்றாக, மெல்லிய இரும்புக் கம்பிகள். அவள் போட்ட வரைபடத்தில் அப்படி ஒரு கம்பிகூடக் கிடையாது.

சாரத்தின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் நவநீதன். ஃபால்ஸ் சீலிங் போடும் மேஸ்திரி.

"யாரைக் கேட்டு மாட்டினீங்க?"

"பாய் சொன்னாரு மேடம். நேத்து சாயங்காலமே ஆரம்பிச்சிட்டோம். ரெண்டு நாள்ல மேல மூடிடணுமாம். ஜிப்சம் ஷீட்டு வாசல்ல எறங்கிடுச்சி, பாக்கலியா?"

"கழட்டுங்க."

"அதையும் பாயே சொல்லட்டும் மேடம். எனக்கு இன்னா, மாட்டுன்னா மாட்டுவேன், கழட்டுன்னா கழட்டுவேன். நடுவுல என்னைக் கோத்து வுடாதீங்க."

அம்பரீன் போனை எடுத்தாள். பக்கத்தில் நின்ற கிரேஸி அவள் கையைப் பிடித்தாள். "மெதுவா பேசுடி. இந்த வேலை போச்சுன்னா அடுத்த வேலை எங்கன்னு எனக்குத் தெரியாது."

இருவரும் சேர்ந்து வேலூரில் ஒரு மாடியறையில் அலுவலகம் வைத்திருந்தார்கள். அம்பரீன் வாணியம்பாடிக்காரி, கட்டடக் கலைஞர். கிரேஸி வேலூர்க்காரி, பொறியாளர். பழைய கட்டடங்களை இடிக்காமல் புதுப்பிப்பதுதான் அவர்கள் தொழில். ஒரு பள்ளிக்கூட மாடி, ஒரு தேவாலய மணிக்கூண்டு, ஒரு சின்ன அருங்காட்சியகம் என்று செய்து வந்தவர்களுக்கு ஆம்பூருக்கு வெளியே இருந்த இந்த ஷெட்தான் முதல் பெரிய வேலை. எப்போதோ மூடப்பட்ட ஒரு தோல் தொழிற்சாலையின் கடைசிக் கட்டடம் இது. ஒரு டிரஸ்ட் இதைக் காட்சிக்கூடமாக மாற்ற நினைத்தது. தோல் தொழிலின் பழைய புகைப்படங்களும் ஓவியங்களும் கருவிகளும் இங்கே வரப்போகின்றன. டிரஸ்டின் தலைவர் ஜியாவுதீன்தான் மேஸ்திரி சொன்ன பாய். இன்றும் பெரிய தொழிற்சாலை நடத்துபவர், அம்பரீனின் அப்பாவுக்கு நண்பர், அவளுக்குச் சாச்சா, அதாவது சித்தப்பா முறை.

கம்பி தொங்கியதற்கு அம்பரீன் ஏன் அப்படிப் பதறினாள் என்று புரிய வேண்டுமானால் அந்தக் கூரையைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் தள்ளி நின்று பார்த்தால் அது ஒரு ரம்பத்தைப் படுக்க வைத்தது போல இருக்கும். ஐந்து பற்கள். ஒவ்வொரு பல்லுக்கும் தெற்கே சரிவு, அதில் ஓடு. வடக்கே நேராக நிற்கும் சுவர், ஆனால் சுவரில் கல் இல்லை, முழுக்கக் கண்ணாடி. நம் ஊரில் வருடத்தின் பெரும்பகுதி சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகிறது. தெற்கே கண்ணாடி வைத்தால் வெயில் உள்ளே விழுந்து, தரையில் கட்டம் கட்டமாக நகர்ந்துகொண்டே இருக்கும். வடக்கே வைத்தால் வெயில் வராது, வானத்தின் வெளிச்சம் மட்டும் வரும். அந்த வெளிச்சத்துக்கு நிழல் கிடையாது, காலைக்கும் மாலைக்கும் பெரிய மாற்றமும் கிடையாது. சித்திரையிலிருந்து சில மாதங்கள் சூரியன் வடக்கே எட்டிப் பார்க்குமே என்றால், கட்டியவர்கள் அதையும் யோசித்து, கண்ணாடிக்கு மேலே ஒரு தகடும் இடையிடையே செங்குத்துப் பலகைகளும் வைத்துவிட்டார்கள்.

இவ்வளவு பாடும் எதற்கு? தோலைத் தரம் பிரிப்பதற்கு. பதனிட்ட தோலில் உண்ணிக் கடி, முள் கீறல், கத்தி பட்ட இடம் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துத்தான் ஃபர்ஸ்ட், செகண்ட் என்று பிரிக்க முடியும். அதற்குச் செலக்‌ஷன் என்று பெயர். இது செலக்‌ஷன் ஷெட். தோலுக்கு எந்த வெளிச்சம் வேண்டுமோ அதே வெளிச்சம்தான் ஓவியத்துக்கும் வேண்டும். முதல் நாள் அம்பரீன் வந்தபோது கண்ணாடி முழுக்கத் தார் பூசி, அதன்மேல் தகரம் அடித்திருந்தார்கள். அதையெல்லாம் சுரண்டி எடுக்கவே ஒரு பருவம் ஆனது. இப்போது அதற்குக் கீழே ஒரு வெள்ளை மூடியைப் போட்டால், மிஞ்சுவது நான்கு சுவர் வைத்த ஒரு பெட்டிதான்.

ஜியாவுதீன் டிரஸ்ட் ஆட்கள் மூன்று பேரோடு வந்து இறங்கினார்.

"இன்னா பேட்டா, காலங்காத்தால போன்ல கத்துறே?"

"என்னைக் கேக்காம கூரைல கம்பி மாட்டியிருக்கீங்க சாச்சா."

"கூரை என்னுது."

"டிராயிங் என்னுது."

"டிராயிங்கைச் சுருட்டி எடுத்துட்டுப் போலாம். கூரையைச் சுருட்ட முடியாது." கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் குரலைத் தணித்தார். "கேளு. திறப்பு விழாவுக்கு ஃபாரின் பார்ட்டி வர்றாங்க. அண்ணாந்து பாத்தா மரச்சட்டம், குருவிக்கூடு. அசிங்கமா இல்லை? சீலிங் போட்டு, குட்டி குட்டியா லைட்டு வெச்சா ஏர்போர்ட் மாதிரி ஜொலிக்கும். ஏசி குளிரும் உள்ள நிக்கும்."

"ஏர்போர்ட்டை அவங்க ஏர்போர்ட்லயே பாத்துட்டுத்தான் சாச்சா வர்றாங்க."

"வாய் ஜாஸ்தி உனக்கு. சரி, அதை விடு. இது ஒழுவுற கூரை. எங்க வாப்பா காலத்துலருந்து ஒழுவுது. ஒழுவுறதாலதான் தார் அடிச்சோம், தகரம் அடிச்சோம்."

அது பொய் இல்லை. ஒழுகியது உண்மைதான். ஏன் ஒழுகியது என்பதைக் கண்டுபிடித்தவள் அம்பரீன். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே, கண்ணாடியின் காலடியில், மழைநீர் ஓட ஒரு வாய்க்கால் உண்டு. முதலில் அது ஒரு சாண் ஆழம். ஒருமுறை இலை அடைத்து ஒழுகியபோது யாரோ வாய்க்காலின் அடியில் சிமெண்ட் ஊற்றினார்கள். ஆழம் குறைந்தது. அடுத்த பெருமழையில் தண்ணீர் கண்ணாடியின் அடிச்சட்டத்தைத் தாண்டி உள்ளே வந்தது. மறுபடியும் சிமெண்ட். மறுபடியும் ஆழம் குறைந்தது. இப்படியே ஒழுகலை நிறுத்தப் பூசிய சிமெண்டே ஒழுகலை வளர்த்து, கடைசியில் வாய்க்கால் மூன்று விரல் ஆழத்துக்கு வந்துவிட்டது. அம்பரீன் அத்தனையையும் கொத்தி எடுத்து, சரிவு சரிபார்த்து, புதுத் தகடு போட்டிருந்தாள்.

"இப்ப ஒழுவாது."

"யார் பாத்தது? மழையே இன்னும் வரலியே."

"மழைக்கு எதுக்குக் காத்திருக்கணும்? டேங்கர் கூப்பிடுங்க. வாய்க்கால் வாயை எல்லாம் அடைச்சி, முழுக்கத் தண்ணி நிறுத்துவோம். எந்த மழையிலயும் அந்த அளவுக்குத் தண்ணி நிக்காது."

"ஒரு சொட்டு விழுந்தா?"

கிரேஸி அவள் முதுகில் கிள்ளினாள். அம்பரீன் நகரவில்லை.

"ஒரு சொட்டு விழுந்தா நீங்க மூடிக்கோங்க. நான் வாசல்ல மாட்டியிருக்கிற என் பேர் போர்டைக் கழட்டிட்டுப் போறேன். விழலன்னா இந்தக் கம்பி மொத்தமும் எறங்கணும்."

"எல்லாரும் கேட்டீங்க இல்ல?" என்று ஜியாவுதீன் திரும்பினார். "மேடமே சொல்லிட்டாங்க."

"இன்னொண்ணு சாச்சா. இந்தச் செவப்புத் தரைல சொட்டு விழுந்தா தெரியாது. உங்க ஃபேக்டரிலேர்ந்து க்ரஸ்ட் வேணும், தரை பூரா விரிக்கிற அளவுக்கு. ரிஜெக்ட் ஆனதா இருந்தாலும் போதும்."

க்ரஸ்ட் என்பது பதனிட்டுக் காய்ந்து, சாயம் ஏறாமல் இருக்கும் தோல். மாவு நிறத்தில் இருக்கும். ஒரு துளி தண்ணீர் பட்டால் போதும், அந்த இடம் கறுத்துவிடும், காய்ந்தாலும் வளையம் போகாது. அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஜியாவுதீனுக்கு அது பிடித்தும் இருந்தது.

"எங்ககிட்ட ரிஜெக்ட்டுன்னு எதுவும் கெடையாது. நாளைக்கு கன்டெய்னர்ல ஏறப் போற சரக்கு, ஃபர்ஸ்ட் செலக்‌ஷன், அதுலேர்ந்தே ஒரு கட்டு அனுப்பச் சொல்றேன். கறை பட்டா கறுப்புச் சாயம் போட்டுக்கலாம்."

மதியத்துக்குள் டேங்கர் வந்து, குழாய் மேலே போனது. கோணியால் அடைத்த வாய்க்கால்களில் தண்ணீர் ஏறியது. கீழே வெள்ளாட்டுத் தோல்கள் வரிசையாக விரிந்து கிடந்தன. எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். மேலே தண்ணீர் தளும்பும் சத்தம் மட்டும் கேட்டது. முதல் வாய்க்கால் நிரம்பியது, கீழே ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. மூன்றாவது நிரம்பியபோது கிரேஸிக்கே சிரிப்பு வந்தது. நான்காவது நிரம்பி ஓய்ந்த பிறகு, கடைசி மூலையில், டப் என்று ஒரு சத்தம்.

ஒரு தோலின் நடுவே, காசு அளவுக்குக் கறுப்பு.

"விழுந்திச்சா இல்லையா?" ஜியாவுதீன் கைதட்டினார்.

கிரேஸி அதற்குள் ஏணியில் ஏறிவிட்டாள். மேலிருந்து அவள் குரல் வந்தது. "அம்பரீன்! வாய்க்காலோட பக்கவாட்டுல புதுசா ட்ரில் பண்ண ஓட்டை! ஏசி பைப்புக்குப் போட்டிருக்காங்க!"

"நேத்துதான் போட்டாங்க," என்றார் நவநீதன் சாரத்திலிருந்து, யாரும் கேட்காமலே. பிறகு டீ டம்ளரைப் பார்த்தார்.

"கூரை ஒழுவல சாச்சா. நீங்க போட்ட ஓட்டை ஒழுவுது."

"பேச்சுன்னா பேச்சு, பேட்டா. ஒரு சொட்டுன்னே. யாரு போட்ட ஓட்டைன்னு சொல்லலியே."

அது சரிதான். சொல்லவில்லை. அம்பரீனுக்குக் காது வரை சூடு ஏறியது. வார்த்தைப்படி பார்த்தால் அவள் தோற்றுவிட்டாள், அத்தனை பேருக்கும் அது தெரியும். பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போவதுதான் மரியாதை.

"நான் போகல," என்றாள்.

"இன்னா?"

"போக மாட்டேன். அந்த ஓட்டையை அடைச்சிட்டு மறுபடி தண்ணி ஏத்துவேன். நாளைக்கும் ஏத்துவேன். போலீஸைக் கூப்பிட்டு வெளிய தள்ளினா ரோட்டுல நின்னு சொல்லுவேன், நல்ல கூரைல இவரே துளை போட்டு இவரே மூடினார்னு."

"ஏய், இது இன்னா அநியாயம்! இதோ, கண்ணு முன்னாடி இருக்கு பாரு." ஜியாவுதீன் குனிந்து, கறை பட்ட தோலை எடுத்து அவள் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தார். "தெரியுதா? கறுப்பா, வட்டமா..."

பேச்சு அங்கேயே நின்றது. அவர் பார்வை கறையில் இல்லை. தோலை மெல்லச் சாய்த்தார். திருப்பினார். மறுபடி சாய்த்தார். கறைக்குப் பக்கத்தில், மணல் தூவியது போல, ஆறிப்போன உண்ணிக் கடிகள். கடித்த இடம் ஆறிவிட்டால் தடவினால் தெரியாது, ஆனால் சாயம் ஏறியதும் புள்ளி புள்ளியாக எழுந்து நிற்கும். அவர் அந்தத் தோலைக் கீழே போட்டு அடுத்ததை எடுத்தார். அதற்கு அடுத்ததை. முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இது செகண்ட். இதுவும் செகண்ட். இது... யா அல்லா, இது தேர்டு."

போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். எதிரில் அவருடைய தொழிற்சாலையில் செலக்‌ஷனைப் பார்த்துக்கொள்ளும் முஜாஹித்.

"முஜாஹித், ஃபர்ஸ்ட்டுன்னு அனுப்பினியே, எந்த வெளிச்சத்துல பாத்தே?"

"டியூப் லைட்லதான் சாப்."

"ஜன்னல் இன்னா ஆச்சு?"

"புது ஷெட்டுல ஏசி போடறப்ப எல்லா ஜன்னலையும் அடைச்சிட்டோமே சாப். நீங்கதான் சொன்னீங்க."

டிரஸ்ட் ஆட்களில் ஒருவர் இருமினார். ஜியாவுதீன் அவரை முறைத்தார்.

"மொத்த லாட்டையும் லாரில போடு. ஆளுங்களையும் ஏத்து. இங்க பழைய ஷெட்டுக்கு வா. கன்டெய்னர் ஏறதுக்கு முன்னாடி மறுபடி பாக்கணும். வெளிச்சம் போறதுக்குள்ள வா!"

லாரி வந்து, முதல் கட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் வாசலுக்கு வந்தபோது, அம்பரீன் கதவின் குறுக்கே நின்றாள்.

"வழி விடு பேட்டா."

"முதல்ல கம்பி எறங்கட்டும்."

"என் கட்டடத்துக்குள்ள வர்றதுக்கு என்னையே மறிக்கிறியா?"

"ஆமா."

"உங்க அப்பாகிட்ட சொல்றேன் இரு."

"சொல்லுங்க. அவருக்கும் பழகிப் போச்சு."

கிரேஸி வந்து கதவின் மறுபாதியில் நின்றாள். தோல் கட்டைச் சுமந்தவர்கள் தோள் மாற்றினார்கள்.

"சரிம்மா, பாதிக்குப் பாதி," என்றார் ஜியாவுதீன். "ரெண்டு பல்லைத் திறந்து வெச்சிக்கோ. மூணை மூடிடலாம். ஃபோட்டோவுக்கு நல்லா இருக்கும்."

"ஒரு பல்லோட வெளிச்சம் நேர் கீழ விழாது சாச்சா, சாஞ்சி அடுத்த பல்லுக்குக் கீழ விழும். நடுவுல மூணை மூடினா ஒரு பக்கம் பளீர், ஒரு பக்கம் இருட்டு. அந்த இருட்டுல உங்க தோலை விரிப்பீங்களா?"

ஜியாவுதீன் மேற்கே வானத்தைப் பார்த்தார். லாரியோடு வந்திருந்த முஜாஹித், "வெளிச்சம் போவுது சாப்," என்றான்.

"ஏசி வேணும் எனக்கு. அதுல விட்டுக் குடுக்க மாட்டேன்."

"போட்டுத் தர்றேன். பைப் தெற்குச் சுவர் வழியா போவும். கூரைல கை வைக்கக் கூடாது."

"பேஜார் புடிச்ச பொண்ணு," என்று அவர் உருதுவில் ஏதோ சேர்த்து முணுமுணுத்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்துக் கத்தினார். "மேஸ்திரி! எறக்கு!"

"இன்னாத்த பாய்?"

"கம்பியை! எல்லாத்தையும்! ஷீட்டையும் திருப்பி ஏத்து!"

நவநீதன் டம்ளரை வைத்துவிட்டு வெட்டுக்குறடை எடுத்தார். முதல் கம்பி தரையில் விழுந்து துள்ளியது. அடுத்தது. அதற்கடுத்தது. முதல் வரிசையில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் எண்ணிப் பார்த்த பிறகுதான் அம்பரீன் கதவை விட்டு நகர்ந்தாள். ஆட்கள் கட்டுகளைக் கொண்டுவந்து பிரித்தார்கள். ஜியாவுதீன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் தோலை விரித்தார். அம்பரீன் எதிர்ப்பக்க முனையைப் பிடித்துக்கொண்டாள்.

பின்னால் நின்ற டிரஸ்ட்காரர் ஒருவர், உதவியாக இருக்கட்டும் என்று, சுவரிலிருந்த லைட் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார்.

"போடாதே!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.