மஞ்சள் குளவிக்குக் கை காட்டியவர்கள்

இரண்டு வண்டிகள் நேர் கோட்டில் சீறிப் போட்டி போடுகிற டிராக் ரேஸை முதல் முறை பார்த்த கதையை யாராவது கேட்டால், நடீன் சத்தத்திலிருந்துதான் ஆரம்பிப்பாள். எல்லோரும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள், அதனால் அவளும். காதால் கேட்கிற சத்தமில்லை அது, நெஞ்சுக்கூட்டுக்குள் புகுந்து யாரோ மேஜை நாற்காலியெல்லாம் இழுத்துப் போடுகிற மாதிரி இருந்தது என்பாள். கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்த வெள்ளிகூட ஆடியது என்பாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். ரமோனாவின் கைகளைப் பற்றிக் கடைசியில்தான் சொல்வாள். சில பேருக்குச் சொல்லாமலே விட்டுவிடுவாள்.

அது எழுபத்து மூன்றாம் வருஷம், ஜூலை மாதம். அவளுக்கும் டெல்பர்ட்டுக்கும் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. அவளுக்கு அது முதல் கல்யாணம், அவனுக்கு இரண்டாவது. டெல்பர்ட் கியர் ஃபேக்டரியில் வேலை பார்த்தான். வாரத்தில் ஆறு நாள் நல்ல கணவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அவன் வீட்டில் இருக்க மாட்டான். 'மஞ்சள் குளவி' என்று பக்கவாட்டில் பெயர் எழுதிய தன் ரேஸ் வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு ஹார்லன் க்ரீக் ரேஸ் மைதானத்துக்குப் போய்விடுவான். நடீன் சர்ச்சுக்குப் போய்விடுவாள். அவள் போகிற இடத்துக்கு அவன் வந்ததில்லை, அவன் போகிற இடத்துக்கு அவளும் போனதில்லை. இதில் இருவருக்கும் எந்த வருத்தமும் இல்லை, சர்ச் பாட்டுக் குழுவில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கிற ஓர் அம்மாள் முட்டைத் தட்டும் கையுமாக வந்து வாயைத் திறக்கும் வரைக்கும்.

"போன ஞாயிறு என் மச்சான் கூட ரேஸுக்குப் போயிருந்தேன். உங்க வீட்டுக்காரரையும் ரமோனாவையும் பாத்தேன். ரெண்டு பேரும் இன்னும் ஜோடியா நல்லாத்தான் இருக்காங்க. முட்டை எடுத்துக்கோங்க."

ரமோனா டெல்பர்ட்டின் முதல் மனைவி.

நடீன் ஒரு முட்டை எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய் மன்சி ஊரிலிருந்த அக்கா யூலாவுக்குப் போன் போட்டாள். யூலா விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"பின் ரூமைக் காலி பண்றேன். தையல் மிஷினைத் தூக்கி நடையில போட்டுட்டா கட்டில் போட இடம் வந்துரும். ஆனா ஊர்ல சொன்னாங்கன்னு கிளம்பி வராதே. நீ போய் உன் கண்ணால பாரு. பாத்துட்டு ஞாயிறு சாயங்காலம் எனக்கு ஒரு வார்த்தை சொல்லு."

அடுத்த ஞாயிறு காலை டெல்பர்ட் லாரியைக் கிளப்பும்போது நடீன் கதவைத் திறந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். சர்ச்சுக்குப் போடுகிற கவுன், சர்ச்சுக்குப் போடுகிற செருப்பு.

"எங்க வர்ற?" என்றான் டெல்பர்ட்.

"ரேஸுக்கு."

"அந்தச் செருப்போடயா?"

"ஏன், செருப்புக்கு என்ன?"

லாரி கிளம்பியது. இருபக்கமும் சோளக் காடு. அவன் ரேடியோவைக் கூட்டி வைத்தான், குறைத்து வைத்தான், நிறுத்தினான். ஏதோ சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டான் என்பது அவளுக்குத் தெரிந்தது. என்ன சொல்ல வந்தான் என்பதும் தெரிந்தது. அவளாகக் கேட்கவில்லை.

மைதானத்தில் எல்லோருக்கும் கண்ணில் நீர் வழிந்தது. அந்த வண்டிகளுக்கு ஊற்றுகிற எரிபொருளின் புகை அப்படி. தாடி வைத்த தடியன்கள், ஐஸ் விற்கிற பெண், கைக்குழந்தை எல்லோரும் அழுதுகொண்டே அவரவர் வேலையைப் பார்த்தார்கள். இந்த இடத்தில் அழுதால் ஒருவரும் ஏனென்று கேட்கப் போவதில்லை என்று நடீன் மனதில் குறித்துக்கொண்டாள். வசதியான இடம்தான்.

டெல்பர்ட்டின் முறை வந்தபோது அவள் வேலி ஓரமாக நின்றாள். தரையில் தண்ணீர் விட்டிருந்த இடத்தில் வண்டியை நிறுத்திப் பின் டயர்களைச் சுழற்றினான். வெள்ளைப் புகை எழுந்து வண்டியையே மறைத்தது. புகைக்குள்ளிருந்து வண்டி சீறிக்கொண்டு வந்து, புறப்படும் கோட்டைத் தாண்டி வெகுதூரம் போய் நின்றது. சூடேறிய டயர் தரையில் இரண்டு கறுப்புக் கோடுகளைப் பதித்திருந்தது. இனி அந்தக் கோடுகளின் மேலேயே பின்னால் வந்து நிற்க வேண்டும். ரப்பர் ஒட்டிய இடத்தில்தான் டயருக்குப் பிடிப்பு. ஒரு சாண் விலகினாலும் கிளம்பும்போது டயர் வெறுமனே சுற்றும். ஆனால் ஓட்டுகிறவனுக்கு முன்னால் இன்ஜின், தலையில் ஹெல்மெட். கழுத்தைத் திருப்பவும் முடியாது, பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியவும் தெரியாது.

அப்போதுதான் ரமோனா வந்தாள். வெள்ளைக் கால்சட்டை, தூக்கிக் கட்டிய செம்பட்டை முடி. வண்டிக்கு முன்னால் ஓடிப்போய் டெல்பர்ட்டுக்கு நேர் எதிரே நின்று இரண்டு கைகளையும் தூக்கினாள். ஒரு விரலை இந்தப் பக்கம் சாய்த்தாள், வண்டி அந்த அளவே சாய்ந்தது. உள்ளங்கையை மெல்லத் தள்ளினாள், வண்டி மெல்லப் பின்னால் போனது. வண்டி போகப் போக அவள் முன்னேறி நடந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் டெல்பர்ட்டின் கண்கள் அவள் கைகளை விட்டு அசையவில்லை.

அவர்கள் தொட்டுக்கொள்ளவில்லை, சிரித்துக்கொள்ளவில்லை. இந்த எட்டு மாதத்தில் என்னை இவ்வளவு நேரம் இவன் பார்த்ததே இல்லை என்று நடீன் நினைத்தாள். யூலாவுக்குச் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை கிடைத்துவிட்டது.

அப்புறம் ரேஸ் நடந்தது. கால் மைல், நேர் கோடு. அவள் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. டெல்பர்ட் ஜெயித்திருந்தான்.

ரமோனா நேராக அவளிடம்தான் வந்தாள்.

"நீதானே நடீன்? அந்தச் செருப்பைப் பாத்ததுமே நெனச்சேன். நான் இங்க வர்றத உங்கிட்ட சொன்னானா?"

"இல்ல."

"சொல்ல மாட்டான். வாயில கொழுக்கட்டை. இங்க பாரு கண்ணு, நான் அவனை விட்டு நாலு வருஷமாச்சு. அதோ செவப்பு வண்டிக்கு அடியில ரெண்டு கால் தெரியுதே, அதான் என் புருஷன், ஹாய்ட். ரெண்டு வண்டிக்கும் நான்தான் கை காட்டறேன். இந்தக் கழுதைக்கு வேற யாரு காட்டினாலும் புரியாது. ஒரு தடவை ஓர்வல் காட்டினான், இவன் வண்டியை நேரா தகரத் தடுப்புல ஏத்திட்டான்."

ஓர்வல் டெல்பர்ட்டின் கூட்டாளி. சோடா பாட்டிலும் கையுமாக அங்கேதான் நின்றான். "தடுப்பு அங்க இருந்ததுக்கு நான் என்ன பண்றது?" என்றான்.

நடீன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். நம்பவும் செய்தாள். ஆனாலும் அந்தப் பார்வை அவளுக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தது. பன் ரொட்டியை மீறி நாலு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கிற பன்றிக்கறி வறுவல் ஒன்று வாங்கிப் பாதி தின்றாள், மீதியைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்தாள்.

மதியத்துக்கு மேல் சிக்கல் வந்தது. மஞ்சள் குளவியும் ஜெயித்துக்கொண்டே வந்தது, ஹாய்ட்டின் சிவப்பு வண்டியும் ஜெயித்துக்கொண்டே வந்தது. கடைசி ஓட்டத்தில் இரண்டும் நேருக்கு நேர். இரண்டு வண்டியும் ஒரே நேரத்தில் பின்னால் வர வேண்டும். ரமோனா ஒருத்திதான்.

டெல்பர்ட்டும் ஹாய்ட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். ஹாய்ட் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்தான்.

"தலையா பூவா? தலை விழுந்தா அவ எனக்கு."

"சரி, போடு," என்றான் டெல்பர்ட்.

நாணயம் மேலே போனது. கீழே வருவதற்குள் ரமோனா அதைப் பிடித்துத் தன் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"என்னை வச்சு காசு சுண்டறீங்களா? வெக்கமா இல்ல? நான் என் புருஷனுக்குக் காட்டறேன். உனக்குத்தான் ஒருத்தி நிக்கிறாளேடா!"

எல்லோரும் நடீனைப் பார்த்தார்கள். டெல்பர்ட் அவள் செருப்பைப் பார்த்தான்.

"அவ இன்னிக்குத்தான் முத தடவையா வந்திருக்கா. ஓர்வலே காட்டட்டும்."

"நான் மாட்டேன்பா," என்றான் ஓர்வல். "அந்தத் தகரத்துக்கே இன்னும் திட்டு வாங்கிட்டிருக்கேன்."

"அது என் காசு, ரமோனா," என்றான் ஹாய்ட்.

"பேசாத."

நடீன் செருப்பைக் கழற்றி லாரியின் படியில் வைத்தாள். "எங்க நிக்கணும்?" என்றாள்.

"ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமா உனக்கு?" என்றாள் ரமோனா.

"எங்கப்பா பண்ணையில வைக்கோல் வண்டியை டிராக்டரோட கொட்டகைக்குள்ள ஏத்துவேன். பன்னெண்டு வயசுலேர்ந்து."

"எங்கிட்ட சொன்னதே இல்ல," என்றான் டெல்பர்ட்.

"நீ கேட்டதே இல்ல."

ரமோனா தன் ஷூவைக் கழற்றி அவள் காலில் மாட்டிவிட்டாள். அளவு பெரியது. மாட்டிக்கொண்டே படபடவென்று பத்து விஷயம் சொன்னாள். டயரைப் பார், அவனைப் பார்க்காதே. கையை அகலமாகக் காட்டு. ஓடாதே, விழுந்து தொலைப்பாய். அவனுக்கு எதிரே நிற்கிறாய், இடம் வலமாக மாறும், ஞாபகம் வைத்துக்கொள். நடீன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அதில் பாதிதான் மண்டையில் ஏறியது.

புகை எழுந்தது. மஞ்சள் குளவி அவளைக் கடந்து போய் நின்றது. அவள் பெரிய ஷூவோடு தொப்புத் தொப்பென்று ஓடி வண்டிக்கு எதிரே நின்று கைகளைத் தூக்கினாள். பக்கத்துத் தடத்தில் ரமோனா ஹாய்ட்டுக்கு ஏற்கெனவே கை காட்டத் தொடங்கிவிட்டாள், அவள் காலில் வெறும் காலுறை.

ஹெல்மெட்டுக்குள் டெல்பர்ட்டின் கண்கள் தெரிந்தன. அவள் கைகளைத்தான் பார்த்தன, வேறு எதையும் இல்லை.

வண்டி பின்னால் நகர்ந்தது. கோட்டை விட்டு அவனுடைய இடப்பக்கமாகக் கொஞ்சம் விலகியது. வலப்பக்கம் வர வேண்டும் என்று நினைத்து அவள் தன் வலக்கையை நீட்டினாள். எதிரில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது இடப்பக்கம். வண்டி இன்னும் இடதுபக்கம் போனது. அவள் இன்னும் வேகமாக வலக்கையை ஆட்டினாள். அவன் இன்னும் தள்ளிப் போனான். ஒரு டயர் கறுப்புக் கோட்டை முழுசாக விட்டிறங்கி ஓரத்துப் புழுதியில் ஏறியது. கூட்டம் ஓவென்று கத்தியது. மைக்கில் பேசுகிறவன், "மஞ்சள் குளவி சோளக் காட்டுக்குக் கிளம்பிருச்சு போல," என்றான். டெல்பர்ட் நிறுத்தவில்லை. அவள் கை எங்கே காட்டியதோ அங்கே வந்துகொண்டேயிருந்தான்.

"உன் கை இல்லடி, அவன் கை!" என்று ரமோனா பக்கத்துத் தடத்திலிருந்து அலறினாள்.

நடீன் கையை மாற்றினாள். வண்டி திரும்பிக் கோட்டின் மேல் வந்து சேர்ந்தது. புறப்படும் கோட்டில் நின்றது. அதற்குள் பின் டயரில் புழுதி அப்பிக்கொண்டிருந்தது.

விளக்கு எரிந்ததும் சிவப்பு வண்டி பறந்தது. மஞ்சள் குளவி நின்ற இடத்திலேயே டயரைச் சுழற்றிவிட்டு, விசேஷ வீட்டுக்குத் தாமதமாக வந்தவன் மாதிரி பின்னாலேயே போனது.

திரும்பும் வழியில் சோளக் காட்டுக்கு மேல் வெயில் இன்னும் இறங்கவில்லை. பாதி தூரம் வந்த பிறகு நடீன் கேட்டாள்.

"நான் தப்பா காட்டினது உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது. டயர் கோட்டை விட்டு எறங்கினா சீட்டுக்கு அடியிலயே தெரியும்."

"பின்ன ஏன் வந்தே?"

"நீ காட்டினியே."

அவள் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"ரமோனா அப்படிக் காட்டியிருந்தா?"

"நிறுத்தி, எறங்கித் திட்டியிருப்பேன்."

அவள் பையிலிருந்து மீதிக் கறியை எடுத்துப் பாதியாகப் பிய்த்து ஒரு துண்டை அவனிடம் கொடுத்தாள். ஆறிப் போயிருந்தது. இருவரும் தின்றார்கள்.

வீட்டு வாசலில் டிரெய்லரைப் பின்பக்கமாகக் கொட்டகைக்குள் ஏற்ற வேண்டும். டெல்பர்ட் வழக்கமாக முன்னே பின்னே என்று பலமுறை எடுப்பான், தபால் பெட்டியை இரண்டு தடவை சாய்த்திருக்கிறான். நடீன், "எறங்கு," என்றாள். அவன் இறங்கினான். அவள் ஓட்டும் இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். அவன் கொட்டகைக்குப் பக்கத்தில் போய் நின்று இரண்டு கைகளையும் தூக்கி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று காட்டினான். அவள் அவன் கைகளைப் பார்க்கவேயில்லை. கண்ணாடியை ஒருமுறை பார்த்தாள், ஒரே ஓட்டில் உள்ளே கொண்டுபோய் நிறுத்தினாள். அவன் தூக்கிய கையோடு அங்கேயே நின்றான்.

உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் ரமோனாவின் ஷூவோடு ஓடிப்போய் எடுத்தாள்.

"என்ன பாத்தே?" என்றாள் யூலா. "கட்டிலெல்லாம் போட்டாச்சு."

"கட்டிலை எடுத்துரு," என்றாள் நடீன். "மிஷினை மறுபடி அங்கேயே போட்டுக்கோ. அப்புறம் யூலா, அடுத்த ஞாயிறு பாட்டுக் குழுவுக்கு வர மாட்டேன்னு எப்படிச் சொல்றதுன்னு ஒரு யோசனை சொல்லு."

"ஏன், உனக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. எனக்கு அன்னிக்கு வேலை இருக்கு."